பில்டரில் அடைத்த கரி

"கண்ட ஆயில ஊத்தி எங்க வண்டியக் கெடுத்துட்டீங்களே பாய், இது அடுக்குமா?"

தாராவி தொண்ணூறடி ரோட்டில், உதுமானின் ஒர்க்‌ஷாப்புக்குள் கால் வைக்கும்போதே ஜெயசீலி ஆரம்பித்துவிட்டாள். வாசலில், செம்பூரிலிருந்து முக்கி முனகி வந்து சேர்ந்த டீசல் வண்டி. அதற்கும் பின்னால், 'இந்த வம்பு நமக்கெதுக்கு' என்கிற முகத்தோடு அவள் புருஷன் தனசீலன்.

உதுமான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே எழுந்தார். "உக்காருங்க தங்கச்சி. வண்டிக்கு என்ன செய்யுது?"

"இழுவையே இல்ல. மஞ்ச லைட்டு எரிஞ்சுக்கிட்டே கெடக்கு. கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டு போனோம். புகையில வர்ற கரியப் புடிச்சு வைக்க ஒரு பில்டர் இருக்காமே, அது அடைச்சுப் போச்சு, புதுசு மாத்தணும்னுட்டான். எவ்வளவு தெரியுமா? ஒண்ணரை லட்சம்."

"கழுவிப் பாக்கலாமே. இருவதாயிரத்துக்குள்ள முடியும்."

"அதையும் கேட்டேன். கழுவினாலும் நிக்காதுங்கான். கடைசியா ஆயில் மாத்துனது யாருன்னு கேட்டான். ஒங்க பேரச் சொன்னேன். சிரிக்கான் பாய். மட்ட ஆயில் ஊத்துனா பில்டர் செத்துத்தான் போவும்ங்கான்."

உதுமான் தனசீலனைப் பார்த்தார். "அண்ணாச்சி, டப்பா சீல ஒங்க கண்ணு முன்னாலதான ஒடச்சேன்?"

தனசீலன் ரோட்டைப் பார்த்தார். "எனக்கு ஞாபகமில்ல பாய்."

ஜெயசீலி உதட்டைச் சுழித்தாள். ஊர்க்காரன் என்று நம்பி வந்ததற்கு நல்ல கூலி. தேனாகப் பேசுகிற வாய்க்கும், டப்பாவில் இருக்கிற சரக்குக்கும் என்ன சம்பந்தம்?

"விடு ஜெயசீலி," என்றார் தனசீலன். "கம்பெனியிலயே மாத்தச் சொல்லிட்டேன்லா. வா, போவோம்."

"ஒண்ணரை லட்சம் ஒங்களுக்கு அவ்வளவு எளக்காரமாப் போச்சா? மவ ஜெனி காலேஜுக்கு எடுத்து வச்ச பணம் அது." அவள் உதுமானிடம் திரும்பினாள். "இவரு இப்பிடித்தான் பாய். யாரு மனசும் நோவக் கூடாது. நான் அப்பிடி இல்ல. பில்டர நீங்க வாங்கி மாட்டுங்க. இல்லன்னா, ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் நாலு பேருகிட்ட சொல்லுவேன். அதுக்கப்புறம் எங்க சபைக்காரங்க வண்டி ஒண்ணுகூட இந்தப் பக்கம் எட்டிப் பாக்காது."

அந்தச் சபைக்காரர்களின் வண்டிகள்தான் உதுமான் வீட்டு அடுப்பில் பாதி விறகு.

அவர் வண்டியின் கோளாறைக் காட்டும் உள்ளங்கை அளவு மிஷின் ஒன்றை எடுத்துவந்து ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினார். அதில் ஓடிய எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, இந்த பில்டர் ஒரு தினுசான சாமான். அடைக்கிற கரிய அதுவே எரிச்சுத் தள்ளிரும். ஆனா அதுக்குச் சூடு ஏறணும். ஹைவேல அரை மணி நேரம் நிக்காம விட்டாத்தான் அந்தச் சூடு வரும். டிராபிக்ல ஊந்துக்கிட்டே கெடந்தா, கரி சேந்துக்கிட்டே போவும். வண்டி எங்கெல்லாம் ஓடுது?"

இந்தக் கேள்விக்குத்தான் ஜெயசீலி காத்திருந்தாள்.

"இதத்தான் கம்பெனிக்காரனும் கேட்டான். இவரு தெனம் மாட்டுங்கா கடைக்குப் போயிட்டு வருவாரு. சனிக்கிழமை தவறாம கோப்போலி. அங்க முதியோர் இல்லத்துல எங்க அத்தை இருக்காங்க. போக அறுவது, வர அறுவது, எல்லாம் ஹைவே. இதச் சொன்ன பெறவுதான் அவன் சொன்னான், இப்பிடி ஓடுற வண்டியில அடைச்சுதுன்னா ஒண்ணு பில்டர் போச்சு, இல்ல ஆயில் கோளாறுன்னு."

அவள் புருஷனைக் கை காட்டினாள்.

"அவுகளுக்குக் காது கேக்காது, போன்ல பேச முடியாது. இவரு மொகத்தப் பாத்தாத்தான் அவுகளுக்கு அந்த வாரம் விடியும். பெத்த தாய இப்பிடித் தாங்குற பிள்ளை இந்த பம்பாயில எத்தனை பேரு? பாஸ்டரே எந்திரிச்சு நின்னு சொல்றாரு. இப்பேர்ப்பட்ட மனுஷன் வண்டியிலயா நீங்க கை வைக்கணும்?"

"நேரமாவுது," என்றார் தனசீலன். "கடை தெறக்கணும்."

உதுமான் கதவைத் திறந்து குனிந்தார். ஆயில் மாற்றும்போதெல்லாம் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டுவது அவர் வழக்கம். அதைப் படித்தார். பிறகு மீட்டரைப் படித்தார்.

"நான் ஆயில் மாத்தி மூணு மாசம் ஆச்சு. அன்னைக்கு நாப்பத்தோராயிரத்து எரநூறு. இன்னைக்கு நாப்பத்தோராயிரத்துத் தொளாயிரம். மொத்தம் ஓடினது எழுநூறு கிலோமீட்டர்."

"அதுக்கென்ன?" என்றாள் ஜெயசீலி வெடுக்கென்று.

கேட்டுவிட்டு அவளும் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். தினம் செம்பூரிலிருந்து மாட்டுங்கா போக வரவே அந்த எழுநூறு சரியாகப் போயிற்று. பன்னிரண்டு சனிக்கிழமைக்கு அதில் இடமே இல்லை.

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ரோட்டில் போகிற ஆட்டோக்களின் நம்பரை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருப்பவர்போல நின்றார்.

உதுமான் மிஷினைக் கழற்றிச் சுருட்டி வைத்தார்.

"ஒண்ணரை லட்சமும் வேண்டாம், கழுவவும் வேண்டாம் அண்ணாச்சி. கரி இன்னும் முத்தல. இந்தச் சனிக்கிழமை ஒரே ஒரு தடவ, நெசமாவே அம்மாவப் போய்ப் பாத்துட்டு வாங்க. போற வழியிலயே பில்டர் தன்னால சுத்தமாயிரும்."