ஏழாம் நாள் புகை

தீ எச்சரிக்கை மணி அடித்ததும் விடுதியே பனியில் இறங்கி நின்றது. பாதிப் பேர் காலில் வீட்டுச் செருப்பு.

"மறுபடியும் உங்க மிளகாய்தானா?" என்று கேட்டான் எதிர் அறை யூனாஸ்.

"ஆமாப்பா, எண்ணெய் கருகிடுச்சு," என்றாள் மெங்யா.

உப்சாலாவுக்குப் படிக்க நாங்கள் சேர்ந்து வந்து மூன்று வருடம். மிளகாய் நெடி கிளப்புவாளே தவிர, அவள் எதையும் கருகவிட்டதில்லை. இது எண்ணெய் வாசனையும் இல்லை. காகிதம்.

எனக்கு நாளை கடைசிப் பரீட்சை. தவறினால் விசாவும் போச்சு. வீட்டிலிருந்துகூட ஒரு வாரமாக வெறும் குறுஞ்செய்திதான்: நாங்கள் நலம், நீ படி.

மெங்யாவும் அந்த ஒரு வாரமாக என் முகம் பார்த்துப் பேசவில்லை. ஒரே சட்டியில் சாப்பிட்டவள், தட்டோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். புதுச் சிநேகிதம் கிடைத்துவிட்டது, நான் கசந்துவிட்டேன் என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தேன்.

காகிதம் என்று தெரிந்ததும் கோபம் வடிந்துவிட்டது. எங்கள் பக்கம், சீன வழக்கப்படி, ஒருவர் இறந்த ஏழாம் நாள் மேலுலகில் அவர் செலவுக்கென்று காகிதப் பணத்தை உறையில் போட்டு எரிப்போம். உறையின் மேலே போய்ச்சேர வேண்டியவர் பெயர். கீழே அனுப்பும் பிள்ளையின் பெயர்.

பாவம், இத்தனை நாளும் தனியாக அழுதிருக்கிறாள். நான் வேறு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அவளிடம் வீட்டில் சொன்னதே அதிசயம். வெளிநாட்டில் படிக்கிற பிள்ளைகளிடம், பரீட்சை முடியும்வரை சாவுச் செய்தியை யாரும் சொல்ல மாட்டார்கள். இவளுக்குப் போன மாதமே பரீட்சை முடிந்துவிட்டது. அதனால் சொல்லியிருப்பார்கள்.

மணி நின்றதும் நேராகச் சமையலறைக்குப் போனேன். அவள் பின்னாலேயே ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"யுன்ஃபெய், நீ போய்ப் படிடி. நான் கழுவிக்கிறேன்."

"நான் இருக்கேன்டி உனக்கு," என்று அவளைக் கட்டிக்கொண்டேன்.

அவள் தோளுக்கு மேலே பாத்திரத் தொட்டி தெரிந்தது. தண்ணீரில் பாதி எரிந்த உறை ஒன்று கிடந்தது.

கீழ்ப்பாதியில், மெங்யாவின் கையெழுத்தில், 'மகள் யுன்ஃபெய்' என்று இருந்தது.

அப்பாவுக்கா, அம்மாவுக்கா என்று சொல்லும் மேல்பாதி சாம்பலாகியிருந்தது.