முதலாளிக்குத் தெரியாமல்

"என் பிள்ளைங்க மேல சத்தியமா சொல்றேன் சார், இருபத்தேழே முக்கால் லட்சம். இதுக்குக் கீழ போனா நான் கைக்காசு போட்டுத்தான் லாரிய வெளிய அனுப்பணும்."

சேல்ஸ் மேனேஜர் இதை வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்துச் சொன்னான். அன்று மட்டும் அந்தப் பிள்ளைகள் தலையில் விழுந்த நான்காவது சத்தியம் அது.

ஷோரூம் வாசலில் ஆளை எடைபோட அவனுக்கு இரண்டு நொடி போதும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் முறுக்கிய மீசையும் உள்ளே வந்தால் ஏசிக்கு அடியில் சோபா, கையில் ஜூஸ். தேய்ந்த செருப்பும் கையில் ஃபைலுமாகப் பின்னாலேயே ஒரு இளம்பெண் வந்தால் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல். யார், என்ன என்று வாய் திறந்து கேட்பதெல்லாம் அனுபவம் இல்லாதவர்கள் செய்கிற வேலை.

ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அவள் விஷயத்தைச் சொன்னாள். பேங்க் கடனும் கையிருப்பும் சேர்த்து மொத்தமே இருபத்தேழு லட்சம். கடன் அனுமதி இன்று மாலை ஐந்து மணியோடு காலாவதி. அதற்குள் பில் பேங்குக்குப் போகாவிட்டால் லாரியும் இல்லை, லாரியை நம்பி ஒப்புக்கொண்ட ஒரு வருட லோடும் இல்லை.

"பெரியவங்க பேசிட்டிருக்கும்போது நீ ஏம்மா நடுவுல வர்ற?" என்றான், அவள் பக்கம் திரும்பாமலேயே. அவள் நீட்டிய ஃபைலைத் திறக்கவும் இல்லை. பேப்பர் வேலையெல்லாம் கடைசியில்தானாம்.

வண்டியை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் படி எங்கே இருக்கிறது என்றுகூடக் குனிந்து பார்க்காமல் ஒரே எட்டில் கேபினுக்குள் ஏறி உட்கார்ந்தார். மேனேஜருக்குப் புல்லரித்துவிட்டது. கீழேயிருந்து முன்னுக்கு வந்த முதலாளிகளின் அழகே தனி என்று போகிற வழியெல்லாம் புகழ்ந்துகொண்டு வந்தான். அவர் சிரித்ததோடு சரி. பணம் இருக்கிறவன் பேச மாட்டான் என்று அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டான்.

திரும்பி வந்ததும் அவர் லாரிக்கு அடியில் தலையை விட்டு எதையோ ஆராய ஆரம்பித்தார். மேனேஜருக்கு அது போதும். நேராக ஜெராக்ஸ் மெஷினிடம் வந்தான்.

லாரி விற்கிற இடத்தில் அவன் வளர்த்துவிட்ட பழக்கம் ஒன்று உண்டு. முதலாளியோடு வருகிற கணக்கு ஆளுக்கு ஒரு கவர். "விலை சரிதான்" என்று அந்த ஆள் முதலாளி காதில் ஓதினால் போதும், வண்டி விற்றுப்போகும்.

"தங்கச்சி," என்றான். பத்து நிமிடத்துக்குள் உறவு முளைத்துவிட்டது. "இதான் கடைசி விலைன்னு அவர்கிட்ட நீ சொல்லிடு. உனக்கு முப்பதாயிரம். முதலாளிக்குத் தெரியவே தெரியாது."

அவள் கோபப்படவில்லை. "கைக்காசு போடணும்னீங்களே, இது மட்டும் எங்கேருந்து வருது?"

"சத்தியம் வேற தங்கச்சி, மார்ஜின் வேற."

அதற்குப் பிறகு அவள் பேரம் பேசினாள். முப்பது காணாது என்றாள். ஐம்பதுக்கு உதட்டைப் பிதுக்கினாள். எழுபத்தைந்து என்று சொல்லிவிட்டு அசையாமல் உட்கார்ந்துகொண்டாள். மேனேஜருக்கு வயிற்றெரிச்சல்தான், ஆனால் கூடவே ஒரு குளுகுளுப்பு. படித்த பெண் என்று கொஞ்சம் பயந்திருந்தான். இவளும் நம் ஜாதிதான், விலை மட்டும்தான் கூடுதல்.

மாத இலக்குக்கு இன்னும் ஒரு வண்டி குறைந்தது. சரி என்றான். வாய்வார்த்தையை நம்பமாட்டேன், எழுதித் தரவேண்டும் என்றாள். தன் விசிட்டிங் கார்டின் பின்புறம் '75,000 ஓகே' என்று கிறுக்கிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான்.

கார்டை வாங்கியவள் வெள்ளைச் சட்டைக்காரரிடம் போகவில்லை. ஃபைலோடு பில் போடுகிற கவுண்டருக்குப் போனாள்.

அந்த ஷோரூமில் தள்ளுபடி என்றால் மேனேஜர் கார்டில் கிறுக்கித் தருவதுதான். அவன் அலட்சியத்துக்கு அதுவே அதிகம். கவுண்டரில் இருந்தவர் அதுபோல நூறு கார்டு பார்த்தவர். எதுவும் கேட்காமல் எழுபத்தைந்தாயிரத்தைக் கழித்து, இருபத்தேழு லட்சத்துக்கு பில் அடித்து, முத்திரை குத்தி, பேங்குக்கும் அனுப்பிவிட்டார். மணி நாலே முக்கால்.

விவரம் தெரிந்ததும் மேனேஜரின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. பில்லை ரத்து செய்யலாம்தான். ஆனால் கார்டில் எதற்காகக் கையெழுத்துப் போட்டான் என்று ஷோரூம் உரிமையாளரிடம் சொல்லவேண்டிவரும்.

எனவே அவனுக்குத் திடீரென்று நேர்மை வந்துவிட்டது. லாரிக்கு அடியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த வெள்ளைச் சட்டைக்காரரிடம் ஓடினான். அந்தப் பெண் அவர் முதுகுக்குப் பின்னால் கமிஷன் கேட்டதை, முப்பதில் தொடங்கி எழுபத்தைந்துக்கு ஏற்றியதை, தான் தந்ததை மட்டும் விட்டுவிட்டு, மூச்சு வாங்கச் சொல்லி முடித்தான்.

"இந்த மாதிரி பொண்ண எல்லாம் இன்னும் ஒரு நிமிஷம் வச்சிருக்காதீங்க சார். இப்பவே வேலைய விட்டுத் தூக்குங்க."

வெள்ளைச் சட்டைக்காரர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அவங்கள நான் தூக்கிட்டா, எனக்கு யாருங்க சம்பளம் குடுப்பாங்க?"