மடங்காத வரி

அவள் இணையப் பக்கங்கள் வடிவமைப்பவள். அண்ணன் இறந்த மறுவாரம் அவனுக்காக ஓர் அஞ்சலிப் பக்கம் அமைத்தாள். அடுத்த நாள் காலையில் பார்த்தபோது, யாரோ இடைவெளியே விடாமல் எழுதிய செய்தி ஒன்று கட்டத்தை மீறி, திரையின் வலது ஓரத்தையும் தாண்டி ஓடியிருந்தது. நீண்ட சொல்லை மடக்கும் கட்டளையைச் சேர்த்தாள். செய்தி கட்டத்துக்குள் அடங்கியது. இப்போது படிக்க முடிந்தது. ஒரே வாக்கியம்தான், திரும்பத் திரும்ப.

"குட்டிமடக்காதேமாஇதுவழியாத்தான்வெளியேவந்துட்டிருக்கேன்"

அவளைக் குட்டி என்று கூப்பிட்டவன் அண்ணன் ஒருவன்தான். அழுதுகொண்டே கட்டளையை அழித்தாள். வரி விருட்டென்று நீண்டு மறுபடி திரைக்கு வெளியே போனது.

வலப்பக்கத்து அறையில் விளையாடிக்கொண்டிருந்த மகளின் குரல் கேட்டது.

"ஏன் மாமா இப்படி ஒல்லியாயிட்டீங்க?"