ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கணவரை அறைக்குள் அனுப்பி, வெளியே தாழ்ப்பாள் போட்டாள் மனைவி.

"தண்ணி உள்ள வெச்சிருக்கேன். கத்தணும்னா கத்துங்க, ஜன்னலை மட்டும் திறக்காதீங்க. அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க!"

மனுஷனுக்குப் பைத்தியம் எல்லாம் இல்லை. பம்ப் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர், ஓய்வு நேரத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர். உள்தாழ்ப்பாள் உடைந்து வருஷமாகிறது. வெளியே தாழ்ப்பாள் போடாவிட்டால் எட்டு வயது மகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே வந்துவிடுவாள், "இன்னிக்காவது கத்துக்குடுப்பியாப்பா?" என்று. அவள் கேட்க ஆரம்பித்து மாதம் ஆறாகிறது.

எல்லாம் வாய்க்கொழுப்பால் வந்த வினை. ஆபீஸ் ஆண்டுவிழாவில் மேனேஜர், தானே எழுதிய பாட்டு ஒன்றைப் படித்தார். மற்றவர்கள் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருக்க, இவர் மட்டும் எழுந்து, "பிரமாதம் சார்! வாராவாரம் ஒண்ணு எழுதிக் குடுங்க, நான் மெட்டுப் போட்டுக் கிட்டார்ல வாசிச்சுப் பதிவு பண்ணித் தரேன்" என்று சொல்லித் தொலைத்தார். பதவி உயர்வுப் பட்டியல் மேனேஜர் மேஜையில் கிடந்த சமயம் அது. இன்னமும் அங்கேயேதான் கிடக்கிறது.

கிட்டாரை லேப்டாப்போடு இணைக்க இன்டர்ஃபேஸ் என்கிற சின்னப் பெட்டி வேண்டுமாம். மூன்று சனிக்கிழமை கடை கடையாக ஏறி இறங்கினார். "ஒரு கிட்டாருக்கு ஒயர் செருக ஒரு துளை போதும் சார்" என்று கடைக்காரரே சொல்லியும் கேட்கவில்லை. நாளைக்கு மேனேஜர் பாடவும் ஆசைப்பட்டால் என்ன செய்வது என்று பயந்து, இரண்டு துளைப் பெட்டியாகவே வாங்கினார். இலவசமாகக் கிடைத்த ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் கெடு முடிந்து முரண்டு பிடிக்கவே, இன்று காலைதான் வேறொன்றை ஏற்றியிருந்தார்.

பாட்டுகளோ வர வரத் தேய்ந்துகொண்டே போயின. முதலில் பதினாறு வரி. இப்போது நாலே வரி, அதிலும் ரெண்டு போன வாரத்து வரி.

வெள்ளிக்கிழமைதோறும் மேனேஜர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இந்த வாரமும் வேணுமா?" என்பார். மனுஷன் ஆழம் பார்க்கிறார் என்று இவர் நினைத்துக்கொள்வார்.

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க, கட்டாயம் வேணும்!"

இந்தச் சிறையில் அவருக்கு இருந்த ஒரே ஆறுதல், வாசிக்கும்போது மேனேஜரை வாய்க்கு வந்தபடி திட்டுவதுதான். "நீங்க பேசறது அதுல விழாதா?" என்று மனைவி ஒருநாள் பயந்துபோய்க் கேட்டாள்.

"மைக்கே கிடையாதும்மா. கிட்டார்லேர்ந்து ஒயர் நேரா பெட்டிக்குப் போகுது. பக்கத்துல இடி விழுந்தாலும் பதியாது."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு இன்றும் ஆரம்பித்தார். "யோவ் மேனேஜரே, இதெல்லாம் ஒரு பாட்டாய்யா? போன வாரமும் இதே புறாதானே பறந்துச்சு? என் பொண்ணு ஆறு மாசமா சைக்கிளும் கையுமா நிக்கறா. ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை என்னை விட்டுத் தொலைக்கக் கூடாதா?"

நடுவில் இருமல் வந்தது. இருமினார். திரையில் ஒலியைக் காட்டும் பச்சைக் கோடு துள்ளிக் குதித்தது. புது சாஃப்ட்வேர் கொஞ்சம் சுறுசுறுப்பு போல என்று நினைத்துக்கொண்டார்.

வாசலில் சைக்கிள் மணி விடாமல் அடித்தது. போட்டுக் கேட்கக்கூடப் பொறுமையில்லாமல் பதிவை மேனேஜருக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் தட்டினார். மனைவி வந்து திறப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளே போனாள்.

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"கதவைச் சாத்துங்க."

சாத்தினார். மேனேஜர் செல்போனை மேஜைமேல் வைத்துத் தட்டினார். எங்கேயோ கொசு பாடுவது போலக் கிட்டார் கேட்டது. அதற்கு மேல் கணீரென்று, "யோவ் மேனேஜரே..."

அப்போதுதான் ஸ்டோர்கீப்பருக்கு உறைத்தது. எதிலிருந்து பதிய வேண்டும் என்று புது சாஃப்ட்வேருக்குச் சொல்ல மறந்திருக்கிறார். அது பெட்டியை விட்டுவிட்டு, லேப்டாப்பிலேயே இருக்கிற பொடி மைக்கில் அறையில் கேட்டதை எல்லாம் ஒன்று விடாமல் பிடித்துவிட்டது. அவர் ஹெட்போனில் கேட்டதோ பெட்டியிலிருந்து நேராக வந்த கிட்டாரை மட்டும்.

பதவி உயர்வு போனால் போகிறது, இருக்கிற வேலை தங்குமா?

"சார்... தெரியாம..."

பதிவை முழுவதும் ஓடவிட்டார் மேனேஜர். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அப்போ, என் பாட்டு உங்களுக்குப் பிடிக்கலையா?"

இதற்கு மேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? "இல்ல சார்."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல சார்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து, ஆறு மாத மூச்சையும் சேர்த்து விட்டார்.

"அட பாவி மனுஷா, நீங்க ஆசையாக் கேக்கறீங்களேன்னுதானய்யா நான் வாராவாரம் எழுதித் தொலைக்கறேன்!"