கவரில் போன படம்

"படமா இது? படம் எடுத்துக் கொடுன்னா என் குடியைக் கெடுத்து வெச்சிருக்கே!"

கவரை மேஜைமேல் வீசினார் பெண்ணின் அப்பா. பின்னாலேயே மூச்சிரைக்க வந்து நின்றாள் அவர் மனைவி.

ஸ்டூடியோவில் படம் திருத்துகிறவள் கம்ப்யூட்டரை விட்டு எழுந்தாள். போன வாரம் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எடுத்த படம் அது.

"என்னங்க ஆச்சு?"

"என்ன ஆச்சா? பள்ளிக்கூடப் பிள்ளையைக் கட்டிக்கிற அளவுக்கு எங்க பையனுக்கு என்ன கேடுன்னு கேட்டு, மாப்பிள்ளையோட அம்மா திருப்பி அனுப்பிட்டாங்க. கடை, வீடு, கார் எல்லாம் உள்ள இடம்! இருபது வயசுப் பொண்ணு மாதிரி பண்ணிக் கொடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

சொன்னார்தான். பெண்ணுக்கு வயது பதினைந்து. திருத்துகிறவளும் படத்தில் கன்னத்தை ஒடுக்கி, புருவத்தை வளைத்து, உதட்டில் சாயம் ஏற்றி, ஐந்து வயதைக் கூட்டித்தான் வைத்திருந்தாள். கை கூசியது. ஆனாலும் செய்தாள். நினைத்தால் இப்போதும் அவமானமாக இருக்கிறது.

ஆனால் படத்தை வாங்க வந்தது இந்த அம்மா. திருத்தினது ஒன்று, திருத்தாதது ஒன்று என்று இரண்டையும் திரையில் காட்டியபோது, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்து, "இதுவே போதும்" என்று திருத்தாததைத் தொட்டுக் காட்டியவள் இவளேதான். கவரை ஒட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு நேரே தரகரிடம் போனவளும் இவளேதான்.

"சார், நான் திருத்தித்தான் வெச்சிருந்தேன். அம்மாதான்..."

"வாயை மூடு!" அம்மா பாய்ந்து வந்தாள். "செய்யறதையும் செஞ்சுட்டு என் தலையில கட்டறியா? வேலை தெரியாதவளுக்கு இங்கே என்ன வேலை? என் பொண்ணு வாழ்க்கையையே கெடுத்துட்டியே, பாவி!"

தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

திருத்துகிறவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பதினாறு வயதில், மாட்டேன் மாட்டேன் என்று அழுதவளை இழுத்துப் போய் மணமேடையில் உட்கார வைத்தது அவளைப் பெற்றவள்தான். அம்மாக்களே இப்படித்தான் போலிருக்கிறது.

"சரி, விடு விடு," என்றார் அப்பா. மனைவி போட்ட சத்தத்தில் அவர் கோபம் பாதி இறங்கிவிட்டது. "இன்னொரு இடத்துக்கு அனுப்பணும். அந்தத் திருத்தின படத்தை எடுத்து வை. நாளைக்கு வர்றோம்."

அவருடைய போன் அடித்தது. பேசிக்கொண்டே வாசலில் இறங்கிப் போனார்.

அம்மா போகவில்லை. வாசல்மேல் ஒரு கண் வைத்தபடி குரலைத் தாழ்த்தினாள்.

"திருத்தின படத்தை அழிச்சிடும்மா. தானா அழிஞ்சு போச்சுன்னு சொல்லிடு. எதையாவது சொல்லி மூணு வருஷம் ஓட்டணும்."

திருத்துகிறவளும் வாசலைப் பார்த்தாள். "நாளைக்கு வந்து அவர் கத்துவாரே?" என்றாள்.

"அவரை விடச் சத்தமா நான் கத்துவேன் தங்கச்சி. மனசுல வெச்சுக்காதே."