கூப்பிடும் பெயர்

“நாச்சிமுத்து.”

கூப்பிட்ட பிறகும் அவர் எழவில்லை.

இதுவரை அப்படி நடந்ததில்லை. பெயர் காதில் விழுந்ததும் எழுந்து, வேட்டியை ஒரு முறை உதறிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டாக்டர் அறைக்கு நடப்பார். அவரை அப்பாரு என்று கூப்பிடும் பேத்தி தாரணி பின்னால் வருவாள். பார்க்கிறவர்களுக்கு, தாத்தாவை வைத்தியத்துக்குக் கூட்டி வந்த பெண் போலத் தெரியும்.

அப்படித் தெரிய வேண்டும் என்பதுதான் அவருடைய ஏற்பாடு.

இன்று கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சென்னியப்பன் உள்ளே வந்துவிட்டான்.

சொந்த ஊர். பங்காளி மகன். ஊரில் எந்தப் பேச்சும் முதலில் அவன் வாயிலிருந்துதான் கிளம்பும். இவரைக் கண்டு தடுமாறி, ஒரு கும்பிடு போட்டு, எதிர் வரிசையில் உட்கார்ந்தான்.

தெரிந்த முகம் ஒன்றும் கண்ணில் படக் கூடாது என்றுதான் கோபியிலிருந்து கோயமுத்தூர் வரை வருகிறார்.

தாரணி மூன்றாம் வகுப்பில் இருந்தபோது டாக்டரம்மா சொன்னார். வளர்ப்பில் குறையில்லை. கவனம் ஓரிடத்தில் நிற்காத பிள்ளை. மூளை வேலை செய்யும் விதம் அப்படி. இதற்கு ஏடிஹெச்டி என்று பெயர். மாத்திரையும் பயிற்சியும் பல வருஷம் வேண்டியிருக்கும்.

பல வருஷம் என்றதுகூட அவரைத் தைக்கவில்லை. மனநல மருத்துவமனையில், நாலு பேர் கேட்க, தன் வீட்டுப் பெண்ணின் பெயரா?

நாளைக்கு அவளைக் கட்டிக் கொடுக்க வேண்டாமா?

முன்மேசைப் பெண்ணிடம் போய் நின்றார். சீட்டில் பிள்ளை பெயர் இருக்கட்டும், கூப்பிடும்போது என் பெயரைக் கூப்பிடு என்றார். கேட்ட தோரணையில் அவளுக்கு மறுக்கத் தோன்றவில்லை.

அதன்பின் அந்தக் கூடத்தில் நோயாளி அவர்தான். ஒரு முறை பக்கத்திலிருந்த அம்மாள், “மனசத் தளர விடாதீங்க, எல்லாஞ் செரியாப் போயிருமுங்க” என்று ஆறுதல் சொன்னாள். கம்பீரமாகத் தலையசைத்து அதை ஏற்றுக்கொண்டார்.

மாத்திரை காலை இட்லிக்குப் பிறகு. மதியம் பசிக்காது. பள்ளி விட்டு வந்ததும் பசிக்கும். அந்த நேரத்துக்குச் சூடாகச் சோறு இருக்க வேண்டும் என்று மருமகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டாக்டரம்மா வரும்போதெல்லாம் எடை பார்த்தார், உயரம் பார்த்தார், நாடி பார்த்தார். ஒரு கோடை விடுமுறையில் மாத்திரையை நிறுத்திப் பார்த்து, மறுபடி தொடங்கினார்.

வீட்டாருக்கும் பாடம் இருந்தது. ஒரு சமயத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். முடித்தால் பாராட்டுங்கள்.

தறிக்கூடமே நடுங்க அதட்டியவர், பேத்தியிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் காத்திருக்கப் பழகினார்.

நடு ரோட்டில் பையை வீசிவிட்டு நாய்க்குட்டியின் பின்னால் ஓடியவள் இப்போது பிளஸ் ஒன். போன மாதம் பரீட்சையை முழுதாக எழுதிவிட்டு, மீதி நேரத்தில் திருப்பிப் படித்தும் பார்த்தேன் என்றாள்.

அன்று சாமி அறையில் வெகு நேரம் நின்றார். டாக்டரம்மாவையும் சேர்த்துக் கும்பிட்டதை யாரிடமும் சொல்லவில்லை.

“நாச்சிமுத்து இருக்காங்களா?”

சென்னியப்பன் நிமிர்ந்தான்.

“பெரீப்பா, உங்களையத்தான் கூப்படறாங்க.”

ஊர் பேர் தெரியாதவர்கள் முன்னால் நோயாளியாக நடப்பது வேறு. இவன் முன்னால் எழுந்தால், நாளைக் காலை டீக்கடையில் நாச்சிமுத்துக்கு மறை கழன்றுவிட்டது.

எழாவிட்டால், பிள்ளைக்குத்தான் வைத்தியம் என்று தெரிந்துவிடும்.

மறை கழன்றதாகவே இருக்கட்டும்.

நாற்காலிப் பிடியில் கையை ஊன்றினார்.

அந்தக் கையின் மேல் தாரணி தன் கையை வைத்தாள்.

“எனக்குத்தானுங் சித்தப்பா,” என்றாள் சென்னியப்பனிடம். “ஏடிஹெச்டி. மூணாவதுலருந்து மாத்தர சாப்படறேன். எம் பேரு வெளிய வரக் கூடாதுன்னு அப்பாரு அவரு பேரக் குடுத்திருக்காரு.”

பிறகு அவர் பக்கம் குனிந்தாள்.

“நீங்க உக்காருங்க அப்பாரு. இத்தன வருசம் நடந்தீங்கல்ல. நானே போயிட்டு வந்தர்றேன்.”

அவள் உள்ளே போனதும் கதவு தானாக மூடிக்கொண்டது.

இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். பார்வை மட்டும் கொஞ்சம் மங்கியது. சென்னியப்பன் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தார்.

“ஊர்ல ஒருத்தருகிட்டயும் மூச்சு விட மாட்டனுங் பெரீப்பா.”

நேற்றாயிருந்தால் அந்த ஒரு வார்த்தைக்காக அவன் கையைப் பிடித்திருப்பார்.

“சொல்லு,” என்றார். “சொல்றதுன்னா முழுசாச் சொல்லு. நாச்சிமுத்து பேத்தி மாத்தர சாப்படறா, நல்லாருக்கறான்னு சொல்லு.”

சென்னியப்பன் தலையாட்டினான். அவன் முழங்கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

“நீ ஆரக் கூட்டியாந்த?”

அவன் தன் பக்கத்து நாற்காலியைப் பார்த்தான். அது காலியாக இருந்தது.

கோழிப்பண்ணை, போர்வெல் வண்டி, பாத்திரக்கடை. தொடங்கிய எதையும் பாதியில் விடுகிறவன், புத்தி நிலையில்லாதவன் என்று இவரே அவனை ஊர்க்கூட்டத்தில் திட்டியிருக்கிறார்.

நாச்சிமுத்து எழுந்தார். கூடத்தைக் கடந்து போய் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நல்ல டாக்டரம்மா,” என்றார். “ஒண்ணும் மறைக்காம அவங்ககிட்டச் சொல்லு.”