நீல அட்டை வரிசை

“இன்னும் சாகலையா?”

கதவைத் திறந்ததும் திறக்காததுமாக அவன் கேட்டான். இல்லையென்று அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறக்கக்கூடத் தெம்பில்லை. கண் இரண்டும் உள்ளே போய், முகம் பிழிந்து போட்ட துணி மாதிரி இருந்தது.

“கெட்டியான உசுரு போல” என்று பையை மேசையில் வைத்தான் அவன்.

செத்திருக்க வேண்டியது செடிகள். சன்னலோரம் இரண்டு வரிசையாகத் தொட்டிகள் இருந்தன. தாவரவியல் இளநிலை மாணவியான அவள், முதல் நாளே மஞ்சள் அட்டை குத்திய வரிசைக்குப் பேராசிரியை கலக்கிக் கொடுத்த வேர் மருந்தை ஊற்றினாள். நீல அட்டை வரிசைக்கு வெறும் தண்ணீர்தான். அதற்குப் பிறகு இரண்டு வரிசைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது. மருந்து பலித்தால் மஞ்சள் பிழைக்கும், நீலம் காய்ந்து சாகும். அவளுடைய ஆராய்ச்சி மொத்தமும் இவ்வளவுதான்.

நடந்ததோ நேர்மாறு. மஞ்சள் வரிசை தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. நீலம் குத்துக்கல்லாட்டம் நின்றது.

அறையில் பாதி உளவியல் துறைக்கு. தூக்கம் வராதவர்களுக்கு மாத்திரை கொடுத்துப் பார்ப்பது அவன் ஆராய்ச்சி. அதனால் கல்லூரி முழுக்க அவன் பெயர் மாத்திரை, அவள் பெயர் பச்சை.

“உனக்கென்னடா கவலை? பாதி நிஜ மாத்திரை, பாதி சர்க்கரை உருண்டை. எது எதுன்னு பாத்துக் கொடுத்தா வேலை முடிஞ்சுது” என்றாள் பச்சை.

“அட நீ வேற! எனக்கே தெரியாது. எங்க சார் பொட்டலம் கட்டிக் கையில குடுத்துருவாரு. தெரிஞ்சா என் கை சும்மா இருக்காதாம்.”

“எங்க மேடம் அப்படியில்லப்பா. என்னை நம்புறாங்க.”

அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. முதல் வாரம் தொட்டிப் பக்கத்திலேயே நின்றுகொண்டு அவள் தூங்கி வழிந்தபோது, “வீட்டுக்குப் போய் நாள் முழுக்கத் தூங்கு. செடிய நான் பாத்துக்கறேன்” என்று அனுப்பிவைத்த மகராசி அவர். எந்த வழிகாட்டி இப்படிச் சொல்வார்?

ஆனால் இப்போதெல்லாம் அவர் சிரிப்புதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. “மேடம், நீலம் சாகவே மாட்டேங்குது” என்று போய் நின்றால், உதட்டுக்குள்ளேயே சிரித்துக்கொண்டு, “கண்ணுக்குத் தெரியறத மட்டும் எழுதிட்டு வா, போதும்” என்பார். அவருக்கென்ன? வெள்ளிக்கிழமை தேர்வுக் குழுவின் முன்னால் நிற்கப்போவது இவள் அல்லவா?

எல்லாத் துறைக்கும் சேர்த்து அடுத்த வருட ஆராய்ச்சி வகுப்பில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அப்பா அது கிடைத்தே விட்டதாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அக்கா போனில் “எப்படிடி போகுது?” என்று கேட்கும்போதெல்லாம், “சூப்பர்க்கா” என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. செடியைப் பார்த்தால் அலுப்பு, மண்ணைத் தொட்டால் அலுப்பு. எப்படியாவது இது முடிந்தால் போதும் என்றிருந்தது.

பேராசிரியை தேர்வு வேலையாக வெளியூர் போயிருந்தார். மாத்திரையும் மதியம் சாப்பிடப் போனான்.

பச்சை கதவைச் சாத்தினாள். மஞ்சள் வரிசைக்கு வயிறாரத் தண்ணீர் ஊற்றினாள். கேன்டீனிலிருந்து கொண்டுவந்திருந்த உப்பைக் குவளையில் கரைத்து, நீல வரிசையின் வேரில் விட்டாள். தினமும் மதியம் அதையே செய்தாள். செத்துத் தொலை, செத்துத் தொலை என்று ஒவ்வொரு தொட்டியிடமும் முணுமுணுத்தாள். அழுகையாக வந்தது, ஆனாலும் கை நிற்கவில்லை.

வியாழக்கிழமை பேராசிரியை வந்தார். கழுத்தில் கேமரா, முகமெல்லாம் சிரிப்பு.

“எங்கே, நம்ம அதிசயத்தைக் காட்டு பாக்கலாம்!”

மஞ்சள் வரிசை தளதளவென்று நின்றது. நீலம் சருகாகக் கிடந்தது. பச்சை ஒதுங்கி நின்று, பாராட்டுக்காகக் காத்திருந்தாள்.

பேராசிரியையின் சிரிப்பு அப்படியே அடங்கியது. குனிந்து ஒரு நீல அட்டைத் தொட்டியின் மண்ணை விரலால் கிளறினார். “மேலே வெள்ளை வெள்ளையா என்னம்மா இது?”

“தெ... தெரியலையே மேடம்.”

“நான் ஊருக்குப் போறப்பகூட நல்லா நின்னுச்சே.”

“சாக வேண்டியதுதானே மேடம்? கொஞ்சம் லேட்டா செத்திருக்கு. மஞ்சளப் பாருங்க, மருந்து என்னமா வேலை செஞ்சிருக்கு!”

அவர் மஞ்சளைப் பார்க்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேமராவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். ஒரு நிமிடத்தில் பத்து வயது கூடிப்போன மாதிரி இருந்தது.

“நீ வீட்டுக்குத் தூங்கப் போனியே, அன்னிக்கு மஞ்சள் அட்டையையும் நீல அட்டையையும் நான்தாம்மா இடம் மாத்திக் குத்தி வச்சேன்.”